குழியிலிருந்து பின்னோக்கி

(மும்பை மாட்டுங்காவில் தமிழ் அன்பர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2021 ஆகஸ்ட் 7 ஒரு சனிக்கிழமை. அன்று மாலை டோக்கியோவில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதே நாள் விடியற்காலையில் இன்னொன்றும் நடந்தது. பெங்களூருப் பெண் அதிதி அசோக், உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்தில் இருந்தவர், கோல்ஃபில் பதக்கத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மகளின் பையைச் சுமந்துகொண்டு அம்மா கூடவே நடந்தார். கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காத வீடுகளில்கூட அன்று டி.வி. ஓடியது. மாட்டுங்காவிலும் ஓடியது, செம்பூரிலும் ஓடியது. ஓடியதே தவிர, திரையில் வந்த கணக்கு பாதிப்பேருக்குப் பிடிபடவில்லை. "மைனஸ் பதினாலு, மைனஸ் பதினைந்து என்று போடுகிறானே, அந்தப் பெண் ஜெயிக்கிறதா தோற்கிறதா?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். பேரப்பிள்ளைகள் கூகிளில் தேடினார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இன்றைக்கு எனக்கு இட்ட வேலை. ஆனால் வெறும் அகராதியாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. எனக்கு ஒரு கட்சி உண்டு. இந்த ஆட்டத்தைப் புதிதாகக் கற்கிறவர்கள் எல்லோரும் தப்பான முனையிலிருந்து தொடங்குகிறார்கள் என்பதே அது. அதை நிரூபிக்க டோக்கியோவுக்குப் போக வேண்டாம், செம்பூர் போதும். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

கிரிக்கெட்டில் ஓட்டம் சேர்க்கிறோம், கபடியில் புள்ளி சேர்க்கிறோம். கோல்ஃபில் சேர்ப்பதற்கு எதுவும் இல்லை. எல்லாம் செலவுக் கணக்குதான். தொடங்கும் இடத்திலிருந்து குழிக்குள் பந்து விழும்வரை எத்தனை அடி செலவானது என்று எழுதுகிறோம். குறைவாகச் செலவழித்தவர் ஜெயித்தவர். ஒவ்வொரு குழிக்கும் "இதற்கு இவ்வளவு போதும்" என்று முன்கூட்டியே ஓர் எண் விதித்திருப்பார்கள். அதற்குப் பெயர் பார். சுமார் 250 கெஜத்துக்குள் இருக்கும் குழி பார் மூன்று. 470 கெஜம் வரை போனால் பார் நான்கு. அதற்கும் மேலே பார் ஐந்து. 18 குழிகளையும் கூட்டினால் பெரும்பாலான மைதானங்களில் 70 முதல் 72 வரை வரும்.

அதிதி ஆடிய கசுமிகசெகி மைதானத்தின் பார் 71. நான்கு நாள் ஆட்டத்துக்கு 284. அவர் அடித்தது 67, 66, 68, 68. கூட்டிப் பாருங்கள், 269. விதித்த எண்ணைவிடப் பதினைந்து குறைவு. திரையில் தெரிந்த மைனஸ் 15 அதுதான். அமெரிக்காவின் நெல்லி கோர்டா மைனஸ் 17இல் தங்கம் வாங்கினார். ஜப்பானின் மோனே இனாமி, நியூசிலாந்தின் லிடியா கோ இருவரும் மைனஸ் 16. நான்கு நாளில் 269 அடி அடித்த நம் பெண் ஒரே ஓர் அடியைக் குறைத்திருந்தால், வெள்ளிக்கும் வெண்கலத்துக்குமான கூடுதல் ஆட்டத்தில் அந்த இருவரோடு மூன்றாவது ஆளாக நின்றிருப்பார். இந்த ஆட்டத்தின் கொடுமை இப்போது புரிகிறதா? 300 கெஜம் பறக்கும் அடியும் ஓர் அடிதான், ஒரு சாண் தள்ளிவிடுவதும் ஓர் அடிதான். கணக்குப் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே விலை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கே திரும்புவோம்.

பார் என்ற சொல் பங்குச் சந்தையிலிருந்து வந்தது. தலால் தெருவில் வேலை பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். பங்கின் முகமதிப்பைச் சொல்கிற அதே சொல்தான். 1870இல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் ஓபன் போட்டி நடக்க இருந்தபோது, டோல்மன் என்ற எழுத்தாளர் இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களிடம், தவறில்லாமல் ஆடினால் எத்தனை அடியில் முடிக்கலாம் என்று கேட்டார். அப்போது அங்கே பன்னிரண்டு குழிகள்தான். 49 போதும் என்றார்கள் அவர்கள். டோல்மன் அதற்குப் பார் என்று பெயர் வைத்தார். மூன்று சுற்றுக்கு 147. அந்த ஆண்டு ஜெயித்த இளைய டாம் மோரிஸ் 149 அடித்தார், அதாவது இரண்டு கூடுதல். இன்றைக்கு டி.வி.யில் பிளஸ் 2 என்று காட்டுவது இதைத்தான். சரியாகப் பார் அடித்தால் ஈவன் என்பார்கள்.

இனிப் பறவைகள். ஒரு குழியில் பாரைவிட ஒன்று குறைத்தால் பேர்டி, இரண்டு குறைத்தால் ஈகிள், மூன்று குறைத்தால் ஆல்பட்ராஸ். குருவியிலிருந்து கழுகு, கழுகிலிருந்து கடல் தாண்டும் பெரும்பறவை. பேர்டி அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில், 20ஆம் நூற்றாண்டு பிறக்கும் சமயத்தில் பிறந்தது. பிரமாதமான எதையும் "பறவை" என்று சொல்வது அந்தக் காலத்து அமெரிக்கக் கொச்சை. பெரிய பறவைகள் அதற்குப் பின்னால் வரிசையாக வந்து சேர்ந்தன. ஆல்பட்ராஸ் எவ்வளவு அபூர்வம் என்றால், 1935 மாஸ்டர்ஸ் போட்டியின் 15ஆம் குழியில் ஜீன் சரசன் அடித்ததை இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பார் ஐந்து குழி அது. இரண்டாவது அடியிலேயே, 235 கெஜத்திலிருந்து, பந்து உள்ளே போய்விட்டது. இந்த சரசனைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள், மணல் பள்ளத்தில் மறுபடி சந்திப்போம்.

முதல் அடியிலேயே குழியில் விழுந்தால் ஹோல் இன் ஒன். பெரும்பாலும் பார் மூன்று குழியில்தான் நடக்கும் என்பதால், கணக்குப்படி அதுவும் ஓர் ஈகிள்தான். ஆனால் அப்படி யாரும் சொல்வதில்லை. அடித்தவர் அன்று கிளப்பில் இருப்பவர்களுக்கெல்லாம் விருந்து வைக்க வேண்டும் என்பது வழக்கம். ஜப்பானில் இந்தச் செலவுக்குப் பயந்து காப்பீடு எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். சந்தோஷத்துக்கு இன்ஷூரன்ஸ்!

பாரைவிட ஒன்று கூடினால் போகி. நம் போகிப் பண்டிகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது இங்கிலாந்தின் பூச்சாண்டி. 1890களில் அங்கே ஒவ்வொரு குழிக்கும் நல்ல ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய எண் என்று ஒன்றை வைத்து, அந்த எண்ணையே எதிராளியாக நினைத்து ஆடினார்கள். கண்ணுக்குத் தெரியாத எதிராளி என்பதால், அப்போது பிரபலமாக இருந்த ஒரு பூச்சாண்டிப் பாட்டின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். பிறகு ராணுவக்காரர்களின் கிளப் ஒன்றில் அந்த எதிராளிக்குக் கர்னல் பதவியும் கிடைத்தது. ஆக, முதலில் போகி என்றால் நல்ல ஆட்டம் என்று பொருள். பந்தும் மட்டையும் மேம்பட்டு, அமெரிக்கர்கள் பாரை இறுக்கிய பிறகுதான் போகி ஒரு படி கீழே இறங்கியது. இரண்டு கூடினால் டபுள் போகி, மூன்று கூடினால் ட்ரிபிள். அதற்கு மேல் பெயர் வைத்துக் கொண்டாட வேண்டாம். எட்டோ ஒன்பதோ எண்ணை எழுதிவிட்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். ஸ்கோர் அட்டையில் எண்ணைச் சுற்றி வட்டம் இருந்தால் பேர்டி, கட்டம் இருந்தால் போகி. வட்டம் நிறைந்த அட்டையைச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் உண்டு. கட்டம் நிறைந்த அட்டை சட்டைப்பையிலேயே துவைந்துவிடும்.

புதிதாக ஆடுகிறவருக்கு இந்தப் பறவைகளால் ஒரு பயனும் இல்லை. பார் 72 உள்ள இடத்தில் 120 அடிப்பவர் என்ன செய்வார்? அவருக்காகத்தான் ஹேண்டிகேப். நம் திறமைக்கு ஏற்பச் சில அடிகளைத் தள்ளுபடி தரும் ஏற்பாடு அது. 2020இலிருந்து உலகம் முழுவதற்கும் ஒரே முறை, அதிகபட்சம் 54. மற்ற ஆட்டங்களில் கற்றுக்குட்டி ஒருவர் கைதேர்ந்தவரோடு மோதினால் பத்து நிமிடத்தில் இருவருக்கும் சலித்துவிடும். இங்கே தாத்தாவும் பேத்தியும், பை சுமக்கும் கேடியும் முதலாளியும் ஒரே போட்டியில் நியாயமாக ஆடலாம். கோல்ஃபில் எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

இதற்குத் துணையாக ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற கணக்கு ஒன்று உண்டு. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற டாக்டர் யோசித்தது. 1932இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் வேரூன்றியது. தள்ளுபடி போக, பார் அடித்தால் 2 புள்ளி, போகிக்கு 1, பேர்டிக்கு 3, ஈகிளுக்கு 4. டபுள் போகியும் அதற்கு மேலும் பூஜ்யம். உதாரணத்துக்கு, உங்கள் ஹேண்டிகேப் 36 என்றால் குழிக்கு இரண்டு அடி தள்ளுபடி. பார் நான்கில் ஆறு அடித்தீர்கள், இரண்டு போனால் நான்கு, 2 புள்ளி. 18 குழியிலும் இப்படி ஆடினால் 36 புள்ளி, உங்கள் தரத்துக்கு ஆடிவிட்டீர்கள் என்று பொருள். இதன் கருணை பூஜ்யத்தில் இருக்கிறது. ஒரு குழியில் பன்னிரண்டு அடித்தாலும் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. பந்தை எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடலாம். முதல் வருடம் முழுதும் இந்தக் கணக்கில் மட்டும் ஆடுங்கள் என்பேன்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன்.

பாரை எப்படி விதிக்கிறார்கள்? பார் நான்கு என்றால், இரண்டு அடியில் கிரீனுக்கு வந்துவிட வேண்டும், அங்கே இரண்டு புட். பார் மூன்றில் ஓர் அடி, இரண்டு புட். பார் ஐந்தில் மூன்று அடி, இரண்டு புட். கிரீன் என்பது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை. புட் என்பது அதன்மேல் பந்தை உருட்டுவது. எந்தக் குழியாக இருந்தாலும் இரண்டு புட் நிரந்தரம். 18 குழிக்கு 36. பார் 72இல் சரிபாதி! மைதானத்தின் மொத்த நீளத்தில் ஒரு சிறு துண்டுதான் கிரீன். ஆனால் கணக்கில் பாதியை அதுவே விழுங்குகிறது. இதற்கு மேல், நாம் கிரீனுக்கு இரண்டு அடியில் வந்து சேரவே மாட்டோம். முப்பது கெஜம் முன்னால் விழும், பக்கத்து மணலில் விழும், தாண்டிப் போய் விழும். அங்கிருந்து திரும்பி வரும் அடிகளையும் சேர்த்தால், நம் செலவில் பெரும்பகுதி கடைசி நூறு கெஜத்துக்குள்தான். அந்த நூறு கெஜத்து ஆட்டத்துக்குத்தான் ஷார்ட் கேம் என்று பெயர். ஆனால் புதிதாக வருகிறவர் முதல் நாளே தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரைக் கையில் எடுத்து, ஐம்பது பந்துகளை ஓங்கி ஓங்கி அடித்து, தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். கடையின் சில்லறைக் கணக்கைப் பார்க்காமல் வாசல் போர்டுக்குப் பெயின்ட் அடிக்கிற முதலாளி மாதிரி.

செம்பூரில் இதற்கு நேர் எதிராகக் கற்றவர்கள் இருக்கிறார்கள். பாம்பே பிரெசிடென்ஸி கோல்ஃப் கிளப் 1927இலிருந்து அங்கே இருக்கிறது. அந்தப் பக்கமாகப் போகிற நம்மில் பலர் உள்ளே போனதில்லை. உள்ளே பைகளைச் சுமக்கும் கேடிகளில் பலர் பக்கத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து வருகிறவர்கள். நாள் முழுக்க அடுத்தவர் ஆடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தங்களுக்கென்று ஒரு கோல்ஃப் உண்டாக்கிக்கொண்டார்கள். இரும்புக் கம்பியை வளைத்து மட்டை, பிளாஸ்டிக் பந்து, சந்துகளே ஃபேர்வே என்னும் ஆடுபாதை. ஸ்லம் கோல்ஃப் என்று உலகம் இதற்குப் பெயர் வைத்தது. போலந்துப் புகைப்படக்காரர் டோமாஷ் குட்ஸோவாட்டி வந்து படமெடுத்துக் காட்டினார். 2023இல் இதே பெயரில் அமேசான் மினிடிவியில் ஒரு தொடரும் வந்தது.

எனக்கு அந்தப் படங்களில் வறுமையைவிட அதிகமாகக் கண்ணில் பட்டது வேறொன்று. அந்தச் சந்தில் டிரைவரை வீச இடமே கிடையாது. ஓங்கி அடித்தால் பக்கத்து வீட்டுத் தகரத்தில் படும், சண்டை வரும். ஆகவே அவர்களுக்கு வாய்த்தது ஷார்ட் கேம் மட்டுமே. சாக்கடையைத் தாண்டித் தூக்கிப் போட வேண்டும், சிமெண்டுத் தரையில் எவ்வளவு உருளும் என்று கணிக்க வேண்டும், படிக்கட்டில் மோதித் திரும்பி வருவதற்கும் ஒரு கணக்கு வைக்க வேண்டும். லட்சக்கணக்கில் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் பயிற்சியாளரிடம் காசு கொடுத்துக் கற்கும் பாடம் இது. இவர்களுக்கு இடநெருக்கடி கற்றுக்கொடுத்தது. நூறு ஏக்கருக்கு மேல் கேட்கும் ஆட்டத்தை ஆறடிச் சந்தில் ஆடுவதைப் பார்த்து வியந்தால் போதாது, கொஞ்சம் கூச்சமும் படலாம். அந்த வாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

கேடிகள் ஆட்டக்காரர்களானதற்கு இந்தியாவில் நல்ல சாட்சிகள் உண்டு. டில்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓபனை ஜெயித்தார், 1993இல் மறுபடியும் ஜெயித்தார். பெங்களூரில் பை சுமந்த சின்னசாமி முனியப்பா 2009இல், கொரியாவின் லீ சுங்கைக் கூடுதல் ஆட்டத்தில் தோற்கடித்து அதே கோப்பையைத் தூக்கினார். பல்லாயிரம் புட்டுகளைப் பக்கத்தில் நின்று பார்த்த கண்கள் அவை. நீங்கள் செம்பூரில் விருந்தாளியாக ஆடப் போனால் கேடி பையா "சாப், தோடா லெஃப்ட்" என்று சொல்லும்போது மறுபேச்சு பேசாமல் கொஞ்சம் இடதுபக்கம் அடியுங்கள்.

சரி, குழியிலிருந்து பின்னோக்கி நடப்போம்.

குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். பந்து 43 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டரைப் பந்து அகலத்துக்கு வாசல் இருக்கிறது. ஒரு மீட்டர் தூரத்திலிருந்து உருட்டினால் விழ வேண்டியதுதான். ஆனால் பத்து மீட்டரிலிருந்து உருட்டும்போது எல்லோரும் திசையைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். திசை அரை மீட்டர் தப்பினாலும் பரவாயில்லை, வேகம் தப்பினால் மூன்று மீட்டர் தாண்டிப் போய்விடும். நீண்ட புட்டை உள்ளே போடப் பார்க்காமல் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவதற்கு லாக் புட் என்று பெயர். புதியவர் முதலில் பழக வேண்டியது இதைத்தான். மூன்று புட் போட்டுவிட்டு வரும் வயிற்றெரிச்சலில் முக்கால்வாசி முதல் புட்டின் வேகத்தால் வருவது. தரைச் சரிவினால் பந்து வளைந்து ஓடுவதற்கு பிரேக் என்பார்கள். வெயில் ஊர்களின் பெர்முடா வகைப் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். அந்தச் சாய்வுக்கு கிரெய்ன். சாய்வோடு உருட்டினால் வழுக்கும், எதிர்த்து உருட்டினால் இழுக்கும். 2019 விதி மாற்றத்துக்குப் பிறகு கொடிக்கம்பை எடுக்காமலே புட் அடிக்கலாம்.

கிரீனின் ஓரத்தில், சற்றே உயரமாக வெட்டிய விளிம்புக்கு ஃபிரிஞ்ச். அங்கே பந்து நின்றால் உருட்டும் மட்டையான புட்டரையே எடுங்கள், கூச்சம் வேண்டாம். அதற்கும் வெளியே ஐந்து, பத்து கெஜத்தில் நின்றால் சிப். சிப் என்றால் பந்து கொஞ்ச தூரம் தாழப் பறந்து, நிறைய தூரம் உருளுவது. பிட்ச் இதன் தலைகீழ். உயரமாக நிறையப் பறந்து, விழுந்து, சீக்கிரம் நிற்கும். முப்பது முதல் எண்பது கெஜம் வரை பிட்ச் ராஜ்யம். இடையில் மேடு, மணல், வாய்க்கால் என்று தாண்ட ஏதாவது இருந்தால் பிட்ச், இல்லாவிட்டால் சிப். புட் அடிக்க முடிகிற இடத்தில் சிப் வேண்டாம், சிப் முடிகிற இடத்தில் பிட்ச் வேண்டாம். தரையோடு ஓடும் பந்து புதியவரின் தவறை மன்னிக்கும். ஆகாயத்தில் போகும் பந்து மன்னிக்காது. ஃப்ளாப் என்று ஒன்று உண்டு. அறுபது டிகிரி சாய்ந்த வெட்ஜ் என்ற மட்டையை மல்லாத்தி வைத்து, முழுவீச்சு வீசி, பந்தை நேர் மேலே எழுப்பிக் காலடியில் விழ வைப்பது. கைதேர்ந்த ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சன் அடிக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அதை முயல்கிறவர்களுக்கு என் அனுதாபம்.

சிப்பில் புதியவர் செய்யும் ஒரே பிழை, பந்தைக் கரண்டியால் அள்ளுவதுபோல மேலே தூக்கிவிடப் பார்ப்பது. மட்டை பந்துக்குப் பின்னால் தரையைக் கொத்தினால் டஃப். பந்து இரண்டு கெஜம் நகர்ந்து கேலி செய்யும். மட்டையின் கீழ்விளிம்பு பந்தின் நடுவயிற்றில் பட்டால் தின். தரையோடு சீறிக் கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். மட்டைத் தலை கம்பியில் சேரும் கழுத்தில் பட்டால் ஷாங்க். இதன் பெயரையே கோல்ஃப்காரர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு பயம். மூன்றுக்கும் மருந்து பெரும்பாலும் ஒன்றே. எடையை முன்காலில் வைத்து, கை முன்னே இருக்க, கீழ்நோக்கி அடியுங்கள். மேலே எழுப்புகிற வேலையை வெட்ஜின் சாய்வு பார்த்துக்கொள்ளும். அதற்குத்தான் அது சாய்ந்திருக்கிறது.

பங்கர், அதாவது மணல் பள்ளம், மட்டும் தனி உலகம். இங்கே பந்தை அடிக்கக் கூடாது, மணலை அடிக்க வேண்டும். பந்துக்கு இரண்டு விரல்கடை பின்னால் மட்டை மணலுக்குள் நுழைந்து, மணல் அலையின் மேல் பந்து மிதந்து வெளியே வரும். பழைய மட்டைகளின் கூர்விளிம்பு மணலில் புதைந்துவிடும். 1932இல் நம் ஜீன் சரசன், மட்டையின் அடிப்பாகத்துக்குப் பட்டையாக ஈயம் பற்றவைத்து, புதையாமல் வழுக்கிப்போகும்படி செய்தார். விமானம் மேலே ஏறுவதைப் பார்த்து வந்த யோசனை என்று அவரே சொன்னார். அந்த ஆண்டு பிரிட்டிஷ் ஓபனில், அதிகாரிகள் கண்ணில் பட்டால் தடை போட்டுவிடுவார்களோ என்று அதைப் பையில் தலைகீழாக ஒளித்து வைத்திருந்ததாகக் கதை. ஜெயித்தும் விட்டார். அந்தப் பட்டை அடிப்பாகத்துக்கு இன்றைக்கு பவுன்ஸ் என்று பெயர். சேண்ட் வெட்ஜ் வாங்கும்போது கடைக்காரரிடம் பவுன்ஸ் கூடுதலாக உள்ளதைக் கேளுங்கள். மணலுக்குள் பாதி புதைந்த பந்துக்கு ஃபிரைடு எக் என்று பெயர், பார்த்தால் அசல் ஆஃப்பாயில்தான். பங்கரில் அடிப்பதற்கு முன் ஒத்திகையாக மட்டையால் மணலைத் தொடக் கூடாது, தொட்டால் தண்டனை. வெளியே வந்ததும் கோலால் மணலைச் சீவிச் சமப்படுத்திவிட்டு வர வேண்டும். இது விதிப்புத்தகத்தைவிடப் பெரிய விதி.

இப்போது இந்தச் சொல்லைக் கேட்டால் விளங்கும், "அப் அண்ட் டவுன்". கிரீனுக்கு வெளியிலிருந்து ஒரே அடியில் மேலே ஏற்றி, ஒரே புட்டில் உள்ளே போடுவது. மணலிலிருந்து அப்படிச் செய்தால் சேண்ட் சேவ். கிரீனை உரிய அடியில் தொடாமல் போனாலும் பாரைக் காப்பாற்றிவிடும் கெட்டிக்காரத்தனத்துக்கு ஸ்கிராம்பிளிங். அதிதி டோக்கியோவில் செய்தது இதுதான். மற்றவர்களைவிட அவர் பந்து பல கெஜம் பின்னால் விழுந்தது. முதல் அடியில் விட்டதைக் கிரீன் பக்கத்தில் வந்து வசூலித்தார். ஒருபக்கம் நாற்பது கெஜம் நஷ்டம், மறுபக்கம் ஓர் அடி லாபம். சொன்னேனே, நீண்ட அடிக்கும் சாண் அடிக்கும் கணக்குப் புத்தகத்தில் ஒரே விலை.

நம் ஊர் மழையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மும்பைக்காரன் இல்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஆட்டமே வேறு. உயரத்திலிருந்து விழுந்த பந்து தரையில் குத்திப் புதைந்துவிடும். பங்கர் தவிர்த்த பொதுப் பகுதியில் தான் விழுந்து உண்டாக்கிய தடத்திலேயே புதைந்திருந்தால் தண்டனை இல்லாமல் எடுத்துத் துடைத்துப் பக்கத்தில் போட்டு ஆடலாம். தேங்கிய மழைநீருக்கும் அப்படியே சலுகை. ஈரக் கிரீனில் புட் ஓடாது, கூட்டித் தட்ட வேண்டும். சிப் உருளாமல் நின்றுவிடும், ஆகவே கொஞ்சம் உயரமாகப் போடலாம். அக்டோபர் வெயிலில் தரை காய்ந்ததும் எல்லாக் கணக்கையும் திருப்பி எழுத வேண்டும்.

எங்கே போய்ப் பழகுவது என்று கேட்பீர்கள். செம்பூரிலும் தாடதேவ் வில்லிங்டன் கிளப்பிலும் உறுப்பினர் யாராவது கூட்டிப்போனால்தான் உண்டு. கார்கரில் சிட்கோ அமைத்த மைதானத்தில் உறுப்பினர் அல்லாதவர்களும் கட்டணம் கட்டி ஆடலாம். ஆனால் முதல் சில மாதங்களுக்கு மைதானமே வேண்டாம். ஒரு பழைய புட்டர், ஒரு வெட்ஜ், தரைவிரிப்பு, ஒரு டம்ளர் போதும். பதினான்கு மட்டைகள் வரை வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது என்பதற்காகப் பதினான்கையும் முதல் வாரமே வாங்க வேண்டியதில்லை.

முதன்முதலாக மைதானத்தில் இறங்கும்போது உங்கள் அட்டையை இன்னொருவர் எழுதுவார், அவருடையதை நீங்கள் எழுதுவீர்கள். பந்தை அடிக்கும் எண்ணத்தோடு வீசி, அது படாமல் போனாலும் ஓர் அடி. பார்க்கவில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், கேடி பார்த்திருப்பார். முதல் அடி கெட்டுப்போனால் இன்னொன்று அடித்துக்கொள்ளும் சலுகைக்கு முல்லிகன் என்று பெயர். நண்பர்களுக்குள் நடக்கும், விதியில் கிடையாது. குழிக்குப் பக்கத்தில் நிற்கும் பந்தை "போதும், எடுத்துக்கொள்" என்று எதிராளி விட்டுக்கொடுப்பது கிம்மி. ஒருவரோடு ஒருவர் குழிக்குக் குழி மோதும் ஆட்டத்தில் அது செல்லும், அடிகளை எண்ணும் போட்டியில் செல்லாது, அங்கே உருட்டி உள்ளே போட்டே தீர வேண்டும். பந்து ஆட்கள் பக்கம் பறந்தால் "ஃபோர்!" என்று கத்துங்கள். அந்த நேரத்தில் வேறெந்தச் சொல் மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

நேரம் ஆகிவிட்டது என்று நண்பர் சீட்டு அனுப்பிவிட்டார். புட்டர் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், மேடைக்குக் கீழே இருக்கிறது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம், உருட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம். பின்வரிசைத் தம்பிகள் முதலில் வாருங்கள்.